பாட்டில் குடியிருக்கும் ஊர்

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டு வேறோர் ஊரில் வாழச் செல்பவர் வீட்டையும் வயலையும் உடன் எடுத்துச் செல்ல இயலாது. கேட்டுப் பழகிய பாட்டு மட்டும் அழைக்காமலே உடன் வந்துவிடும். மும்பைக்கு வந்த தமிழரின் இசை அந்நகரில் எவ்வாறு வேரூன்றியது, அந்நகரின் இசையோடு எவ்வாறு உறவு கொண்டது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாணர் வழி

இசையைச் சுமந்துகொண்டு ஊர்விட்டு ஊர் செல்வது தமிழருக்குப் புதிதன்று. யாழைத் தோளில் ஏந்தி, சுற்றம் சூழ நடந்து சென்ற பாணர்களைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக அமைந்த நூல்கள் ஆற்றுப்படை எனப்பட்டன. பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் பாணரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சோறு தேடி நடந்தவர்கள் அவர்கள். ஆயினும் அவர்கள் நடந்த வழியெல்லாம் பாட்டும் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தமிழர் பலர் பம்பாய்க்குத் தொடர்வண்டி ஏறியதும் பிழைப்பைத் தேடித்தான். பெட்டியில் இரண்டு உடைகளும் கையில் ஒரு முகவரியுமாக வந்தவர்கள் பலர். அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் எடையில்லாத பொருள் ஒன்று இருந்தது. அது தாய் பாடிய தாலாட்டாகவோ, கோயில் திருவிழாவில் கேட்ட நாகசுவரமாகவோ, திண்ணையில் அமர்ந்து தாத்தா முணுமுணுத்த கீர்த்தனையாகவோ இருந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் அந்தப் பாட்டிலேதான் பல ஆண்டுகள் குடியிருந்தார்கள்.

மாதுங்கா, தாராவி, செம்பூர்

1995ஆம் ஆண்டு வரை மும்பையின் பெயர் பம்பாய் என்றே வழங்கியது. 1896ஆம் ஆண்டு அந்நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான தெருக்களே நோய்க்கு இடம் கொடுத்தன என்று கருதிய அரசு, 1898ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. வடபுறத்தில் அகன்ற தெருக்களோடும் மரங்களோடும் அவ்வமைப்பு உருவாக்கிய புதிய குடியிருப்புகளுள் மாதுங்காவும் ஒன்று. அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். கோயில், உணவு விடுதி, காப்பிக் கொட்டைக் கடை, பூக்கடை என்று ஒரு சிறு தென்னகமே அங்கு உருவாயிற்று. 1932ஆம் ஆண்டு தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. ஆஸ்திக சமாஜமும் பஜன சமாஜமும் வழிபாட்டோடு பாட்டையும் வளர்த்தன.

மாதுங்காவுக்கு அண்மையிலேயே உள்ளது தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பலர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். முறுக்கும் இட்லியும் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களும் பலர். நகரம் வளர வளரச் செம்பூரும் தமிழர் வாழும் பகுதியாயிற்று. இந்த மூன்று இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. வாழ்க்கை நிலையில் உள்ள தொலைவோ பெரிது. எனினும் மாலை நேரத்தில் அம்மூன்று இடங்களின் சாளரங்கள் வழியாகவும் தமிழ்ப் பாட்டுக் கேட்டது. ஒரு வீட்டில் அது வர்ணமாக இருந்தது. ஒரு வீட்டில் வானொலியின் திரைப்பாடலாக இருந்தது. ஒரு வீட்டில் தொட்டில் பாட்டாக இருந்தது.

ஆறுமுகனின் பெயரில் ஓர் அரங்கம்

1952ஆம் ஆண்டு பம்பாயில் ஸ்ரீ சண்முகானந்த நுண்கலை மற்றும் சங்கீத சபை தொடங்கப்பட்டது. சண்முகன் என்றால் ஆறுமுகன். தமிழர் போற்றும் முருகனின் பெயர். மாதுங்காவுக்கும் சயானுக்கும் இடையே, கிங்ஸ் சர்க்கிள் பகுதியில், அச்சபை தனக்கென ஓர் அரங்கத்தைக் கட்டி முடித்த ஆண்டு 1963. 2,700க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அமர்ந்து கேட்கத்தக்க பெரிய அரங்கம் அது. கருநாடக இசைக் கலைஞர்களோடு இந்துஸ்தானி இசைக் கலைஞர்களும் அம்மேடையில் பாடினர். நாள்தோறும் நெரிசல் மிகுந்த தொடர்வண்டியில் சென்று திரும்பிய ஓர் எழுத்தர், மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி, கடைசி வரிசையில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டால் போதும். பாடகர் ஓர் இராகத்தைத் தொடங்கும்போதே அவர் தம் ஊர்க் கோயில் மண்டபத்தைச் சென்றடைந்துவிடுவார்.

1990ஆம் ஆண்டு அந்த அரங்கம் தீக்கு இரையாயிற்று. மீண்டும் அதன் கதவுகள் திறக்க 1998ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்குச் சென்று பாடத் தொடங்கும் காலம். அத்தனை காலம் மூடிக்கிடந்த பிறகும் மக்கள் அவ்வரங்கத்தை மறக்கவில்லை. இசையின் இருப்பிடம் கட்டடம் அன்று என்பதற்கும், கட்டடமும் இன்றியமையாதது என்பதற்கும் அது சான்றாக நிற்கிறது.

சபை என்பது பாட்டுக் கேட்கும் இடம் மட்டும் அன்று. அது பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடமும் ஆகும். சண்முகானந்த சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகப் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் கே. எஸ். நாராயணசுவாமி பணியாற்றினார். செம்பூரில் நுண்கலைக் கழகம் அப்பகுதிப் பிள்ளைகளுக்கு இசையையும் நடனத்தையும் கற்பித்து வருகிறது. பள்ளி முடிந்ததும் புத்தகப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் பாட்டு வகுப்புக்கு ஓடும் பழக்கம் இப்பகுதிகளில் மூன்று தலைமுறைகளாகத் தொடர்கிறது.

ஒரு தாயும் ஒரு மகளும்

இவ்வாறு வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர் அருணா சாயிராம். அவர் 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பம்பாயில் பிறந்தார். சண்முகானந்த சபை தோன்றியதும் அதே ஆண்டுதான். அவருடைய முதல் ஆசிரியர் அவருடைய தாய் இராஜலட்சுமி சேதுராமன். ஆலத்தூர் சகோதரர்களிடமும் தஞ்சாவூர் சங்கர ஐயரிடமும் இசை கற்றவர் அவர். இசைக்கல்லூரிக்குச் செல்லும் முன்பே, அடுக்களையில் வேலை செய்யும் தாயின் குரலிலிருந்து இசை கற்கும் பேறு மகளுக்கு வாய்த்தது.

சிறுமிப் பருவத்திலேயே அருணாவுக்குக் கிடைத்த மற்றோர் ஆசிரியர் டி. பிருந்தா. பிருந்தாவின் பாட்டி வீணை தனம்மாள். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை ஒலிக்கும். அதைக் கேட்பதற்காகப் பெரும் வித்துவான்களே அவ்வீட்டிற்கு வந்து அமைதியாக அமர்ந்திருப்பர். பிற்காலத்தில் தனம்மாள் கண்பார்வையை இழந்தார், வறுமையையும் கண்டார். வீணையை மட்டும் அவர் விடவில்லை. அவருடைய மற்றொரு பேத்தி, பரதநாட்டியத்தை உலகறியச் செய்த பாலசரசுவதி. அவ்வீட்டின் உண்மையான செல்வம் பாட்டே ஆகும். பாட்டி அறிந்த பாடல்கள் பேத்திக்குச் சென்றன. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்ற பிருந்தா, அவற்றைக் கையாளும் திறத்தில் தமக்கு ஒப்பார் இல்லை என்னும் அளவிற்கு உயர்ந்தார். 1976ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

அத்தகைய பிருந்தா பம்பாய்க்கு வந்து தங்கிப் பாடம் சொன்னபோது அருணாவும் அவரிடம் கற்றார். தனம்மாள் மரபின் தனிச்சிறப்பு பதங்களும் ஜாவளிகளும் ஆகும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இயற்றிய பதங்கள் மிக மெதுவாக நடப்பவை. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குச் செல்வதற்குள் குரல் பல வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அந்த வளைவுகளை எழுதிவைத்தல் அரிது. ஸ ரி க ம என்னும் எழுத்துகள் பாட்டின் எலும்புக்கூட்டைக் காட்டுமேயன்றி உயிரைக் காட்டமாட்டா. ஆசிரியர் பாட, மாணவர் கேட்க, மீண்டும் ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாட, இவ்வாறு காதும் நெஞ்சுமே ஏடாக அமைந்தால்தான் அப்பாட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று சேரும்.

இம்முறையில் ஒரு பெரும் நன்மை உண்டு. பாட்டோடு பாடியவரின் நினைவும் சேர்ந்தே வந்துவிடும். பம்பாய்ச் சிறுமி ஒருத்தி ஒரு சொல்லை ஒரு குறிப்பிட்ட விதத்தில் வளைத்துப் பாடும்போது, தான் பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னரே, 1938இல், மறைந்த தனம்மாளின் விரல் வீணையில் செய்த வளைவையே அவள் அறியாமல் செய்கிறாள். ஆனால் இம்முறையில் ஒரு பேரிடரும் உண்டு. நடுவில் ஒரே ஒருவர் கற்காமல் விட்டால் போதும், அந்தப் பாட்டு அவரோடு நின்றுவிடும். ஏட்டில் தேடியும் அதை மீட்க இயலாது. எனவேதான் இத்தகைய ஆசிரியர்கள் கண்டிப்பு மிகுந்தவர்களாக இருந்தனர். அவர்கள் காத்தது தம் பெருமையை அன்று. தம் கையில் வந்து சேர்ந்த பிறர் நினைவையே அவர்கள் காத்தனர்.

சாளரத்துக்கு வெளியே

வீட்டிற்குள் தமிழ் பேசப்பட்டது. பாட்டில் தெலுங்கும் தமிழும் வடமொழியும் ஒலித்தன. சாளரத்துக்கு வெளியே மராத்தி இருந்தது. பம்பாயில் வளரும் குழந்தையின் காதில் அபங்கம் விழாமல் இராது. ஞானேசுவரர், நாமதேவர், துக்காராம் முதலிய அருளாளர்கள் பண்டரிபுரத்து விட்டலனைப் போற்றி எளிய மராத்தியில் பாடிய பாடல்களே அபங்கங்கள். ஆடி மாதத்து ஏகாதசியை ஒட்டி, வாரகரிகள் எனப்படும் அடியார்கள் கூட்டம் கூட்டமாகத் தாளம் தட்டி, அபங்கம் பாடியவாறே பண்டரிபுரத்திற்கு நடந்து செல்வர். நகரத்தில் அந்த ஒலி கோயில்களிலும் தெருக்களிலும் கேட்கும். புறநகர்த் தொடர்வண்டிகளிலும் அது கேட்கும். காலையில் வேலைக்குச் செல்வோர் சிறு தாளங்களைப் பையில் வைத்திருப்பர். வண்டியின் சுவரையே மத்தளமாக்கிப் பாடிக்கொண்டு போவர்.

அருணா சாயிராம் அபங்கத்தைத் தம் கச்சேரி மேடைக்குக் கொண்டுசென்றார். இராகமும் தாளமும் கீர்த்தனையும் முறைப்படி அமைந்த கருநாடக இசைக் கச்சேரியின் பிற்பகுதியில் அவர் ஓர் அபங்கத்தைப் பாடுவார். மராத்தி அறியாத சென்னை மக்களும் கைதட்டித் தாளமிட்டு அதனோடு ஒன்றிவிடுவர். நாளடைவில், அபங்கம் பாடுமாறு அவையோரே வேண்டிக் கேட்கும் நிலை உருவாயிற்று. பிற்காலத்தில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பம்பாயின் ஒலியும் அவரோடு குடிபெயர்ந்தது. 2009ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும், 2018ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெறும் பி.பி.சி. ப்ராம்ஸ் இசைவிழாவில் அவர் பாடினார்.

பழைய மரபை இத்தனை கண்டிப்போடு கற்ற ஒருவர், வேறொரு மொழியின் தெருப்பாட்டை அதனோடு சேர்க்கலாமா என்னும் வினா எழலாம். அதற்கு வரலாறே விடை தருகிறது.

வந்தவை சொந்தமானமை

சத்திரபதி சிவாஜியின் தம்பியான ஏகோஜி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரில் மராத்திய அரசை நிறுவினார். 1855ஆம் ஆண்டு வரை அங்கு மராத்திய மரபினரின் ஆட்சி நிலவியது. அரசரோடு மராத்தி மொழியும், மராத்தியக் கதை சொல்லும் முறையும், அபங்கமும் காவிரிக் கரைக்கு வந்தன. கும்பகோணத்தை அடுத்த மருதாநல்லூரில் வாழ்ந்த சத்குரு சுவாமிகள் ஒழுங்குபடுத்திய பஜனை மரபில் பல மொழிப் பாடல்களுக்கும் இடம் உண்டு. அம்மரபில் பாடுவோர் இன்றும் அபங்கங்களைப் பாடுகின்றனர். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்தியக் கீர்த்தன முறையின் கூறுகளைத் தமிழகக் கதாகாலட்சேபத்தோடு இணைத்து அக்கலைக்குப் புதுப்பொலிவு தந்தார்.

ஆகவே, பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண் அபங்கத்தைத் தமிழ் மேடையில் பாடியது வழக்கத்திற்கு மாறான செயல் அன்று. மராட்டியத்திலிருந்து தஞ்சைக்கு ஒருமுறை வந்த பாட்டு, தஞ்சை மரபின் பாட்டைக் கற்ற பம்பாய்ப் பெண்ணின் வழியாக மற்றுமொரு முறை வந்தது.

வயலின் கருவியின் கதையும் இத்தகையதே. ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவியை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கினார். ஐரோப்பியர் நின்றுகொண்டு மோவாயில் தாங்கி வாசிக்கும் வயலினைத் தென்னாட்டார் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்தனர். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அதை அயல்நாட்டுக் கருவி என்று எவரும் ஒதுக்குவதில்லை.

வெளியிலிருந்து வருவனவற்றை ஏற்கும் ஆற்றல், தன்னுடையதை நன்றாக அறிந்த இசைக்கே உண்டு. பிருந்தாவிடம் பதங்களைப் பழுதறக் கற்றமையால்தான் அபங்கம் வந்தபோது அருணாவின் இசை தன் நிலை திரியவில்லை. வேர் ஆழமாகச் சென்ற மரத்தில்தான் எத்திசைப் பறவையும் வந்து தங்கும்.

நகரின் பெயரைச் சூடியவர்கள்

சரோஜா, லலிதா என்னும் சகோதரிகள் பம்பாயில் வளர்ந்து எச். ஏ. எஸ். மணியிடம் இசை பயின்றனர். பின்னர்ச் சென்னைக்குச் சென்று முசிறி சுப்பிரமணிய ஐயரிடம் மேலும் கற்றனர். ‘பம்பாய் சகோதரிகள்’ என்றே இசையுலகம் அவர்களை அழைத்தது. தங்களை வளர்த்த நகரின் பெயரை அவர்கள் வாழ்நாள் முழுவதும் விருதுபோல் சூடியிருந்தனர். அதே எச். ஏ. எஸ். மணிக்கும் பாடகி அலமேலு மணிக்கும் மகனாகப் பிறந்தவர் ஹரிஹரன். கருநாடக இசை ஒலித்த வீட்டில் வளர்ந்த அவர் இந்துஸ்தானி இசையும் பயின்று கஜல் பாடல்களில் பெயர் பெற்றார். தமிழ்த் திரைப்படங்களில் பாடினார். மராத்தித் திரைப்பாடலுக்காகத் தேசிய விருதும் பெற்றார்.

பம்பாயில் வளர்ந்த ஜெயஸ்ரீயின் பெயரிலும் அந்நகரம் நிலைத்துவிட்டது. டி. ஆர். பாலாமணியிடம் பயின்ற பம்பாய் ஜெயஸ்ரீ, பின்பு சென்னையில் லால்குடி ஜெயராமனிடம் கற்றார். ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்காக அவர் பாடிய தமிழ்த் தாலாட்டு 2013ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கடலில் தனித்து மிதக்கும் ஓர் இளைஞனின் கதைக்குத் தாயின் குரலாக அமைந்தது தமிழ்த் தாலாட்டு. செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் சிறுவயதில் வீணை கற்றவர். தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகளிலும் இன்று அவர் குரல் கேட்கிறது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மராத்தி இசைத் திரைப்படத்தில் அவர் முதன்மை வேடமேற்று நடிக்கவும் செய்தார்.

இவர்கள் எவரும் ஒரு மொழியைப் பெறுவதற்காக மற்றொரு மொழியை இழக்கவில்லை.

சபை இல்லாத பாடல்கள்

மேடைக்கு வந்த பாடல்களைக் காக்கச் சபைகள் உள்ளன; ஒலிப்பதிவுகள் உள்ளன; விருதுகள் உள்ளன. தமிழர் கொண்டுவந்த பாடல்களுள் மேடை ஏறாதவையே மிகுதி. நெல்லைச் சீமையின் அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடைபெறும். நீண்ட வில்லில் மணிகள் தொங்கும். வீசுகோலால் நாணைத் தட்டியவாறு ஒருவர் கதை பாடுவார். மண்குடத்தின் வாயைத் தட்டி ஒருவர் ஒலி எழுப்புவார். உடுக்கை ஒலிக்கும். உடன் இருப்போர் ‘ஆமா’ என்று கூறிக் கதையைத் தாங்கிச் செல்வர். இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே தாராவியில் வாழ்கின்றனர். பொங்கல் நாளில் அங்குத் தெருவில் அடுப்பு மூட்டிப் பானை வைக்கின்றனர். பானை பொங்கும்போது குலவையொலி எழுகிறது. குலவையைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் இல்லை. தாயின் நாவைப் பார்த்து மகள் கற்கிறாள்.

நடவுப் பாட்டு நாற்று நடும் கைகளின் அசைவிலிருந்து பிறந்தது. தாராவியில் வயல் இல்லை. ஆயினும் அப்பாட்டை அறிந்த முதிய பெண்கள் இருக்கின்றனர். தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரும், ஊர்க் குளமும், தெருக்கோடி மரமும் பெயரோடு இடம்பெறும். அந்தக் குளத்தை ஒருபோதும் கண்டிராத மும்பைக் குழந்தை அதன் பெயரைக் கேட்டபடியே உறங்குகிறது. இறந்தவரை எண்ணிப் பாடும் ஒப்பாரியிலோ ஒரு முழு வாழ்க்கை வரலாறே அடங்கியிருக்கும். யார் எந்த ஆண்டு ஊரை விட்டு வந்தார், யார் அவரை வரவேற்றுச் சோறிட்டார், எந்தக் கடன் அடைந்தது, எந்த ஆசை அடையவில்லை என்பவற்றையெல்லாம் அப்பாட்டு அறியும்.

தாராவியின் இளைஞர்கள் இன்று ராப் பாடுகின்றனர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த, தாராவியைக் களமாகக் கொண்ட ‘காலா’ திரைப்படத்தில் அவ்வூர் ராப் பாடகர்களின் குரலும் இடம்பெற்றது. தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே மூச்சில் கலந்து வரும் பாட்டு அது. சொற்களைத் தாளத்தில் அடுக்கித் தம் தெருவின் கதையைப் பாடும் பேரனும், வீசுகோலைத் தட்டி ஊரின் கதையைப் பாடிய தாத்தாவும் தொழிலால் தொலைவில் உள்ளவர்கள் அல்லர். ஆனால் தாத்தா பாடிய கதையைப் பேரன் கேட்டிருக்கிறானா என்பதே வினா. வீணை தனம்மாளின் பதங்களைக் கற்க ஒரு பிருந்தா இருந்தார். பிருந்தாவிடமிருந்து கற்க ஓர் அருணா இருந்தார். தாராவிப் பாட்டியின் தாலாட்டுக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

பாட்டும் நினைவும்

ஒரு பாட்டு எவ்வாறு பழைய நாளை அப்படியே கண்முன் நிறுத்துகிறது என்பதை உளவியலார் பலர் ஆராய்ந்துள்ளனர். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை கேட்ட பாடல்களே பெரும்பாலோர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்து, முதுமையிலும் அக்காலத்து நினைவுகளை எழுப்புகின்றன என்று அவர்கள் கண்டனர். இசையைக் கேட்கும்போது மூளையின் ஒரு பகுதி மட்டும் இயங்குவதில்லை. ஒலியை உணரும் பகுதி, உடலசைவுக்குரிய பகுதி, உணர்ச்சிக்குரிய பகுதி, நினைவுக்குரிய பகுதி எனப் பலவும் இயங்குகின்றன. பல கயிறுகளால் கட்டிய படகு எளிதில் அவிழ்ந்து போகாததைப் போலவே பாட்டோடு பிணைந்த நினைவும் எளிதில் அகல்வதில்லை. மறதிநோயால் பிள்ளைகளின் பெயரையே மறந்த முதியோர் சிலர், இளமையில் கற்ற பாட்டைச் சொல் பிறழாமல் பாடுவதும் உண்டு.

இதிலிருந்து விளங்கும் செய்தி ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்தில் கேட்கும் பாட்டு வாழ்நாள் முழுவதும் உடன் வரும். அப்பருவத்தில் காதில் விழாத பாட்டைப் பின்னர்க் கற்றாலும், அது அந்த அளவிற்கு நெருங்கிய உறவாவது அரிது. மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தையின் காதில் அபங்கமும் விழும்; இந்தித் திரைப்பாடலும் விழும். அவற்றைத் தேடிச் செல்லத் தேவையில்லை. நகரமே அவற்றை அள்ளித் தரும். வீட்டில் உள்ள பாட்டு அவ்வாறு தானாக வந்து விழாது. அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அதைப் பெறப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டியதில்லை. மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஆச்சியின் அருகில் அமர்ந்து, ‘நீங்கள் சிறுமியாக இருந்தபோது உங்கள் அம்மா என்ன பாட்டுப் பாடுவார்?’ என்று கேட்டால் போதும். முதலில் அவர் ‘அதெல்லாம் மறந்துபோயிற்று’ என்பார். சிறிது நேரம் கழித்துக் கையில் உள்ள கீரையைக் கீழே வைப்பார். முதல் அடி வரும். இரண்டாம் அடி தயங்கும். பிறகு மூன்றும் நான்கும் தாமே வரும். அந்த நான்கு அடிகள் எந்த நூலிலும் அச்சாகாதவையாக இருக்கலாம். அவற்றை ஒருமுறை திருப்பிப் பாடும் குழந்தையின் நாவில், அவள் காணாத ஓர் ஊர் குடியேறிவிடும்.

சொல்லும் பொருளும்

பரிசில் – வள்ளல் தரும் கொடை
வித்துவான் – கலையில் தேர்ந்தவர்
பதம் – மெதுவான நடையில் அமைந்த இசைப்பாடல் வகை
ஜாவளி – விரைவான நடையில் அமைந்த இசைப்பாடல் வகை
அபங்கம் – விட்டலனைப் போற்றும் மராத்திப் பக்திப்பாடல்
கொடை – அம்மன் கோயில் திருவிழா
வீசுகோல் – வில்லுப்பாட்டில் நாணைத் தட்டும் கோல்
குலவை – மகிழ்ச்சியான வேளையில் பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலி
ஆச்சி – பாட்டி

பயிற்சி

1. ஆற்றுப்படை நூல்கள் எதைக் கூறுகின்றன?
2. பதங்களை எழுத்தால் மட்டும் கற்க இயலாது என்பது ஏன்?
3. ‘மராட்டியத்திலிருந்து தஞ்சைக்கு ஒருமுறை வந்த பாட்டு மற்றுமொரு முறை வந்தது’ – விளக்குக.
4. மேடைப் பாடல்களுக்கும் மேடை ஏறாத பாடல்களுக்கும் இடையே இப்பாடம் காட்டும் வேறுபாடு யாது?
5. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டறிந்து எழுதுக. அப்பாட்டு அவருக்கு எந்த ஊரை, யாரை நினைவூட்டுகிறது என்பதையும் ஐந்து தொடர்களில் எழுதுக.